வீடு ஆற்றை பேரிலை? முதுமையில் உடைகிற நட்சத்திரக் குடும்பங்கள்

பெரியம்மாவுக்கு 83 வயது. கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள், முற்றத்தில் தேசிக்காய் மரமும் பின்வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும் நிற்கிற வீட்டில் தனியாக இருக்கிறா. மகள் கனடாவிலிருந்து அனுப்பிய போனில் யூடியூப் பார்ப்பதுதான் பின்னேரப் பொழுதுபோக்கு. அண்மையில் நான் போனபோது, சென்னையில் ஒரு முதிய நடிகரின் வீட்டுச் சண்டையைப் பற்றி யாரோ ஒருவர் மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு வீட்டில், நடிகர் இன்னொரு வீட்டில், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, நடிகருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போனவர்களை உள்ளே விடுகிறார்கள் இல்லை. இருபது நிமிடம் இப்படியே போனது. பெரியம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டா:

"அதெல்லாம் சரியடா தம்பி, வீடு ஆற்றை பேரிலை?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"எழுத்து எழுதினவையோ, சும்மா கோயிலிலை தாலி கட்டினதோ?"

அதுவும் தெரியாது என்றேன்.

"அப்ப உவன் இருவது நிமிசமா என்னத்தைக் கதைச்சவன்?"

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசுவின் கந்தோரில் 30 வருடத்துக்கு மேல் எழுத்து வேலை பார்த்தவன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரில் 'எழுத்து' என்றால் கலியாணப் பதிவு, 'உறுதி' என்றால் காணிப் பத்திரம், 'நொத்தாரிசு' அந்த உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர், 'கந்தோர்' அலுவலகம், 'ஆற்றை பேரிலை' என்றால் யாருடைய பேரில். தாலிகட்டுக்கு முன்னரே எழுத்தை முடித்துவிடுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. கலியாணம் பேசுகிறபோதே எந்தக் காணி, எத்தனை பரப்பு, ஆற்றை பேரில் என்று கேட்டுவிடுவார்கள். அதை வெட்கங்கெட்ட வழக்கம் என்று ஏசாதவர் இல்லை. சீதனக் கொடுமையைப் பற்றி நானும் ஏசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு நட்சத்திரத்தின் கடைசிக் காலம் ஏன் இப்படிச் சிதறுகிறது என்று விளங்க வேண்டுமென்றால், பெரியம்மாவின் இரண்டு கேள்விகளை விட்டால் வேறு வாசல் எனக்குத் தெரியவில்லை. யூடியூப்பில் சொல்லப்படுவதெல்லாம் குடி, காதல், சாபம், ஜாதகம்.

எங்கள் ஊரில் இந்தக் கதையை யார் தொடங்கினாலும் சாவித்திரியில்தான் தொடங்குவார்கள். பெரியம்மா 'பாசமலர்' வந்த 1961இல் பத்தொன்பது வயதுப் பெட்டை. படம் பார்த்தது வெலிங்ரனிலா வின்ஸரிலா என்பதில் அவவுக்கும் என் அம்மாவுக்கும் அம்மா சாகும்வரை வழக்கு. 1981 எங்களுக்கு அழுது முடியாத வருடம். மே 31 இரவு மூட்டிய தீயில் ஈழநாடு பத்திரிகைக் கந்தோரும் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தன. அதே வருடம் டிசம்பர் 26ஆம் திகதி, 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து சாவித்திரி செத்துப்போனார். செய்தி கேட்ட அன்று பெரியம்மா அடுப்பு மூட்டவில்லை. "லைபிரறி எரிஞ்சதுக்குக்கூட நீ இப்பிடி அழேல்லை" என்று பெரியப்பா பகிடி பண்ணப்போய், ஒரு கிழமை அந்த வீட்டில் கதை பேச்சு இல்லை.

சாவித்திரியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை, ஜெமினி கணேசனை நம்பினார், ஏமாந்தார், குடித்தார், அழிந்தார் என்பது. இதில் பொய் பெரிதாக இல்லை. ஆனால் உறுதி எழுதுகிறவன் கண்ணுக்கு வேறொன்றுதான் முதலில் படுகிறது. ஜெமினி 1940இலேயே கலியாணம் கட்டியவர். சாவித்திரியோடு நடந்த கலியாணம் 1952இல், மறைவாக. சாவித்திரி ஒரு சவர்க்கார விளம்பரத்தில் கணவர் பெயரையும் சேர்த்துக் கையொப்பம் வைத்தபோதுதான் ஊருக்கு விசயம் தெரியவந்தது என்று சொல்வார்கள். இப்போது பெரியம்மாவின் இரண்டாவது கேள்வியைப் போட்டுப் பாருங்கள். இந்துக்களிடையே இருதார மணம் செல்லாது என்ற சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இலேயே வந்துவிட்டது. இந்தியா முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தபோது அதையே இன்னும் இறுக்கியது. ஆக, 1952இல் கட்டிய தாலிக்குக் கோயில் சாட்சி, பின்னாளில் ஊர் சாட்சி, இரண்டு பிள்ளைகள் சாட்சி. சட்டம் மட்டும் அதன் பக்கம் இல்லை. ரசிகர்களுக்கு அவர் மனைவி. ஒரு நொத்தாரிசுவின் மேசைக்கு முன்னால் வந்து இருந்தால், அந்தச் சொல்லை எழுத எங்களுக்குக் கை ஓடாது.

பிள்ளைகளின் நிலை வேறு. செல்லாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவும் 1976இல் வந்த திருத்தமும் அவர்களை முறையான பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்கின்றன. தாய் தகப்பனின் சொத்தில் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது 2023இல்தான். இடைப்பட்ட அந்த அரை நூற்றாண்டில் எத்தனை நடிகர் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் 'மூத்த குடும்பம்', 'இளைய குடும்பம்' என்று சொல்லிக்கொண்டு நீதிமன்ற வாசலில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதுமையில் ஒரு நடிகரைச் சுற்றி நடக்கிற சண்டையில் பாதி, நாற்பது வருடத்துக்கு முன்னர் எழுதப்படாமல் விட்ட ஓர் எழுத்தின் மிச்சம்.

முதலாவது கேள்விக்கு வருகிறேன். சாவித்திரியின் வீடு அவரே உழைத்துக் கட்டியது. சென்னை தியாகராய நகர் ஹபிபுல்லா சாலையில் இருந்தது. பேரும் இருந்தது, பணமும் இருந்தது. 1965 யுத்தத்தின்போது போட்டிருந்த நகையைக் கழற்றிப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் நிதிக்குக் கொடுத்தவர். பிறகு தானே படம் எடுக்கத் தொடங்கினார். 1968இல் தெலுங்கில் ஒரு படம் இயக்கினார். 1964இல் தான் நடித்து ஓடோடென்று ஓடிய 'மூக மனசுலு' என்ற தெலுங்குப் படத்தை, 1971இல் சிவாஜியை வைத்து 'பிராப்தம்' என்று தமிழில் எடுத்தார். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு மூன்றும் அவரே. படம் விழுந்தது. கடன்காரர் ஒரு பக்கம், வருமான வரிக்காரர் மறுபக்கம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடிகர்கள் முதுமையில் வறுமைப்பட்ட கதைகளை எடுத்துப் பார்த்தால், சொந்தப் படம் எடுத்து வீட்டை ஈடு வைத்த கட்டம் திரும்பத் திரும்ப வரும். வயது ஏற ஏற வாய்ப்புக் குறைகிறது. தன்னை நாயகனாகவோ நாயகியாகவோ போட இனி யாரும் வரமாட்டார்கள் என்பது விளங்குகிறது. அப்படியென்றால் நானே போடுகிறேன் என்று இறங்குகிறார்கள். அந்த வேளையில் கையில் காசு இல்லை, வீடுதான் இருக்கிறது. படம் விழுந்தால் வீடும் போகிறது. வீடு போனால், அந்த வீட்டைச் சுற்றி இருந்த உறவும் போகிறது. நாயகனுக்கு இந்த நெருக்கடி ஐம்பது, அறுபது வயதில் வரும். நாயகிக்கு முப்பத்தைந்திலேயே வந்துவிடும். அம்மா வேடத்துக்குக் கூப்பிடத் தொடங்கினால் சம்பளம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம், செலவு பாதியாகாது.

நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் பிறந்து, சிறு வயதில் கொழும்பில் வளர்ந்து படித்தவர். அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர் மேல் ஓர் ஒட்டு. 1958இல் நடந்த கலியாணம் வந்த வேகத்திலேயே முறிந்தது. சென்னையில் காரிலேயே மேல்மாடிக்கு ஏறிப்போகிற மாதிரி ஒரு வீடு கட்டத் தொடங்கினார். எம்.ஜி.ஆரை வைத்து ஒரு படமும் எடுக்கத் தொடங்கினார். படம் பாதியில் நின்றது, வீடு கை மாறியது. 1974இல் 46 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தப் படத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் 'மாடி வீட்டு ஏழை'. யூடியூப்காரர்கள் விதி என்கிறது இதைத்தான். எனக்கென்னவோ அது ஈட்டு உறுதி மாதிரித்தான் தெரிகிறது.

சரி, உழைத்த காலத்தில் ஏன் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை? புத்தி இல்லையா? புத்தி இல்லாமலா நூறு படம் நடித்தார்கள். இதற்கு ஒரு காரணம் இந்தியாவின் வரிச் சட்டத்தில் இருக்கிறது. அதை யாரும் சினிமாக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. 1973–74இல் அங்கே உச்ச வருமானத்துக்கு வரி, மேல்வரியும் சேர்த்து, 97.75 சதவீதம். அதாவது ஓர் எல்லைக்கு மேல் உழைக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய். இந்த நிலைமையில் சம்பளத்தில் ஒரு பகுதி காசோலையாகவும் பெரும் பகுதி கணக்கில் வராத காசாகவும் கைமாறத்தான் செய்யும். கணக்கில் வராத காசை வங்கியில் போட ஏலாது. காணியாகவும் வீடாகவும் ஆக்க வேண்டும். அதையும் தன் பேரில் எழுத ஏலாது. தம்பி பேரில், மைத்துனர் பேரில், மனேஜர் பேரில், சமையற்காரர் பேரில்கூட எழுதினார்கள். பினாமி என்ற சொல்லை நாங்கள் குமுதத்திலும் விகடனிலும்தான் படித்தோம். 1970களில் இந்திய சஞ்சிகை இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு வந்தபோது, படகில் வந்த ஒரு பிரதி பத்து வீடு சுற்றும். அந்தச் சொல் எங்களுக்கு வந்து சேர்ந்த வழியும் ஏறக்குறைய பினாமி வழிதான்.

இப்போது அந்த நடிகருக்கு எழுபது வயது. தம்பி பேரிலிருக்கிற தோட்டத்தை விற்று வைத்தியச் செலவு பார்ப்போம் என்று கேட்கிறார். தம்பி செத்துவிட்டார், தம்பியின் மகன்தான் இருக்கிறான். "எது உங்கடை தோட்டம் பெரியப்பா?" என்கிறான். வழக்குப் போடலாமா? 1988இல் இந்தியாவில் வந்த பினாமித் தடைச் சட்டம், காசு கொடுத்தவன் நான்தான் என்று சொல்லிப் பிறர் பேரிலுள்ள சொத்தைத் திரும்பக் கேட்கிற வழக்கின் கதவை அடைத்துவிட்டது. மனைவி, மகள் பேரில் எழுதியது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் மைத்துனருக்கும் மனேஜருக்கும் இல்லை. வரிக்காரரிடமிருந்து ஒளிக்கத் தோண்டிய குழியில் முதுமையில் தானே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்க ஏலாது, ஏனென்றால் கணக்கில் வராமல் இருப்பதற்காகத்தானே அதைச் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏதோ பெரிய சாமர்த்தியசாலிகள் என்று சொல்ல வரவில்லை. எங்களிடம் இருப்பது ஒரு பழைய சட்டம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் இசாக்ஸ் எழுதித் தொகுத்த தேசவழமை. அதில் பெண் கொண்டு வந்தது சீதனம், பரம்பரையாய் வந்தது முதுசம், கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உழைத்தது தேடியதேட்டம். மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்றுக்கும் மூன்று வழி. பின்னைய கட்டளைச் சட்டங்களும் திருத்தங்களும் இதை எத்தனையோ விதமாக வளைத்தாலும், சீதனக் காணி பெண்ணின் பேரில் என்ற அடிப்படை நிற்கிறது. ஆனால் தன் பேரிலுள்ள அந்தக் காணியை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உலகத்துக்குப் புத்தி சொல்லப் போகிறபோது, இந்தக் குறையை எங்கள் ஆட்கள் மெல்ல விழுங்கிவிடுவார்கள்.

எங்கள் வழக்கத்தில் எனக்குப் பிடித்தது இன்னொரு சின்ன வசனம். 'சீவிய உரித்து'. வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கிற தாய் தகப்பன், தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அதில் இருந்து அனுபவிக்கிற உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுவது. ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மகளோடும் மருமகனோடும் எங்கள் கந்தோருக்கு வந்தார். வீட்டை மகளுக்கு எழுத வேண்டும். நொத்தாரிசு ஐயா சாட்சிகளாக என்னையும் இன்னொரு எழுத்தரையும் வைத்துக்கொண்டு, மகளையும் மருமகனையும் விறாந்தையில் இருக்கச் சொன்னார். பிறகு அந்த அம்மாவைக் கேட்டார்: "சீவிய உரித்து வைச்சு எழுதட்டோ?" அம்மா வாசலைப் பார்த்தார். அரைக்கதவுக்குக் கீழே மருமகனின் சப்பாத்துத் தெரிந்தது. அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, "எழுதுங்கோ ஐயா. ஆனா அந்த வரியை மட்டும் மெதுவா வாசியுங்கோ" என்றார். உறுதியை உரக்க வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஐயா எல்லைகளை வாசித்தார், வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய காணி என்று சந்தைக்குக் கேட்கிற குரலில்; அந்த ஒரு வரி வந்தபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது. மூலம், இரட்டைப் பிரதி, கந்தோர்ப் பிரதி என்று மூன்றிலும் அந்த அம்மா வாத்தியார் எழுத்தில் ஒழுங்காகக் கையொப்பம் வைத்தார். அந்த இருமல் எந்த நடிகருக்காவது கிடைத்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

பாகவதர் கதை கொஞ்சம் வேறு, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் வந்த அடுத்த மாதமே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போன வழக்கு, 1947 ஏப்ரலில் விடுதலை. உள்ளே போகிறபோது ஒரு டசின் படங்கள் அளவில் கைவசம் இருந்தன. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்த பிறகு நடித்த படங்கள் எடுபடவில்லை. நீரிழிவு, பார்வைக் குறைவு. 1959 நவம்பர் 1இல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தபோது வயது ஐம்பதுகூட இல்லை. இதில் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அந்த லட்சுமிகாந்தன் நடத்தியது நடிகர்களின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற பத்திரிகை. பெரியம்மாவின் போனில் கதைத்துக்கொண்டிருந்தவர் புது ஆள் இல்லை. 80 வருடத்துக்கு முன்னரும் அந்த வியாபாரம் நன்றாகத்தான் நடந்திருக்கிறது.

எம்.ஜி.ஆரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எழுதுகிறபோது கவனமாக எழுத வேண்டும். கண்டியில் 1917இல் பிறந்தவர் என்று எங்கள் ஆட்களுக்கு உரிமை அதிகம். கல்வியங்காட்டில் சிலை இருக்கிறது. அவர் ஈழத்துக்குச் செய்ததைச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். பெரியம்மாவின் இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், அவர் மற்ற நடிகர்களைவிடக் கெட்டிக்காரர். மனைவி சதானந்தவதி 1962இல் இறந்த பிறகு ஜானகியை முறைப்படி மணந்துகொண்டார். பிள்ளைகள் இல்லை, மரணசாசனம் எழுதி வைத்தார், இராமாவரம் தோட்டம் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளின் பள்ளிக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதினார். பள்ளி நடக்கிறது. அப்படியிருந்தும் அவருக்குப் பின்னால் சொத்து நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. எழுதி வைத்தால் எல்லாம் சரி என்று நான் சொன்னால் என் தொழிலுக்கு நல்லதுதான், ஆனால் பொய்.

அவர் கதையில் நான் பார்க்கச் சொல்வது படலையை, அதாவது வாசற்கதவை. 1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதாகி, பக்கவாதமும் வந்து, சென்னையிலிருந்து நியூயோர்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படுத்தபடியே தேர்தலில் வென்றார். திரும்பி வந்த பிறகு, பேச்சுத் தடுமாறிய அந்த மனிதரை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதே ஓர் அரசியலாகிவிட்டது. 1987 டிசம்பர் 24இல் இறந்த அன்று இராமாவரம் வீட்டு வாசலில் ஜெயலலிதாவை உள்ளே விடவில்லை. இராஜாஜி மண்டபத்தில் உடலின் தலைமாட்டில் இரண்டு நாள் நின்றவரை, இறுதி ஊர்வலத்தில் பீரங்கி வண்டியிலிருந்து இறக்கித் தள்ளினார்கள். ஜானகி முதலமைச்சராகி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நாடே பார்த்த குடும்பச் சண்டை அது. சொந்தக் குடும்பம் எது என்பதிலேயே இரண்டு பக்கம் இருந்தன.

எந்தப் பெரிய நடிகரின் முதுமையிலும் இந்தப் படலை வந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் ஊரெல்லாம் நுழைந்த வீட்டுக்குள் கடைசியில் ஒரே ஒரு ஆளின் சொல்லில்தான் நுழையலாம்: ஒரு மகன், அல்லது ஒரு மருமகள், அல்லது பழைய மனேஜர். மருந்து கொடுப்பவர், காசோலையில் கையொப்பம் வாங்குபவர், போனை எடுப்பவர் எல்லாம் அவரே. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இரவிரவாக மூத்திரத்துணி மாற்றியவர் அவராகவும் இருக்கலாம். ஆனால் வெளியில் நிற்கிற மற்றப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியாததைக் கமராவுக்கு முன்னால் வந்து சொல்வார். அவர் அழுவார், இவர் மறுப்பு அறிக்கை விடுவார். நடுவில் படுத்திருக்கிறவருக்கு எல்லாம் கேட்கும், பதில் சொல்ல வாய் வராது. சாவித்திரி இறந்து 36 வருடத்துக்குப் பிறகு, 2018இல் அவர் வாழ்க்கை படமாக வந்தபோது, தகப்பனை அதில் காட்டிய விதம் பிழை என்று ஜெமினியின் மூத்த குடும்பத்து மகள் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். படத்தை எடுக்க உதவியது மற்ற வீட்டுப் பிள்ளைகள். ஒரே தகப்பன், இரண்டு வீட்டுக்கும் இரண்டு ஞாபகம்.

இதையெல்லாம் ஏன் யாழ்ப்பாணத்துக் கிழவிகள் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் என்று என் மகன் கேட்டான். வேறு வேலையில்லை என்பது அவன் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொக்குவிலில் அந்த ஒழுங்கையில் பதினொரு வீடு. ஆறு வீட்டில் எழுபதைத் தாண்டியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும். வீட்டு உறுதி ஒரு பிள்ளையின் பேரில், அவருக்காகக் கையொப்பம் வைக்கிற அதிகாரமான அற்றோணித் தத்துவம் இன்னொரு பிள்ளையின் கையில், சாப்பாடு கொடுப்பது இரண்டு பேருமில்லாத ஒரு தூரத்துச் சொந்தம். கூரை ஒழுகினால் மாற்றுவதற்கு வாட்ஸ்அப்பில் மூன்று நாட்டு நேரம் பார்த்துக் கதைக்க வேண்டும். முதியோர் உரிமைகளைக் காக்க இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; பிள்ளை பராமரிக்கவில்லையென்றால் சபையில் முறையிட்டுப் பராமரிப்புப் பணம் கேட்கலாம். இந்தியாவில் 2007இல் வந்த சட்டம் ஒரு படி மேலே போய், கவனிக்காத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்தையே ரத்துச் செய்ய இடம் கொடுக்கிறது. ஆனால் கனடாவிலிருக்கிற மகளுக்கு எதிராக எந்தக் கொக்குவில் தாய் சபையில் போய் முறையிடுவா? மானம் போய்விடும். அதனால் நடிகர் வீட்டுச் சண்டையைப் பார்க்கிறார்கள். தங்கள் வீட்டைப் பற்றிக் கதைக்க முடியாததை அடுத்தவன் வீட்டைப் பற்றிக் கதைக்கலாம்.

எங்கள் ஊர்க் கலைஞர்களுக்கு இந்தப் பிரச்சினை இந்த வடிவத்தில் வருவதில்லை. அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடிப்பாடிய நடிகமணி வி.வி. வைரமுத்துவின் ஊர் இது. 1972இல் 'குத்துவிளக்கு' படம் எடுத்த வி.எஸ். துரைராஜாவுக்குக் கட்டடக் கலைத் தொழில் கைகொடுத்தது. பெரும்பாலான மேடைக் கலைஞர்களுக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு பொன்னாடை, அதிர்ஷ்டம் இருந்தால் அரசாங்கத்தின் கலாபூஷணம் விருது. சண்டை பிடிக்கச் சொத்து வேண்டுமே.

பின்வளவு மாமரத்தில் குருவிச்சை என்கிற ஒட்டுண்ணி பிடித்திருப்பதைப் பெரியம்மா அன்றைக்குக் காட்டினா. நல்லாய்க் காய்த்த மரம். இப்போது நுனிக் கொப்பில் இருக்கிற பச்சை முழுக்கக் குருவிச்சையின் பச்சை. வெட்ட ஆள் பிடித்துத் தரச் சொன்னா. சரி என்று நான் எழும்பினபோது, "இரு, ஒரு அலுவல் இருக்கு" என்று உள்ளே போனா. ரங்குப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்ரிக் பையில் சுற்றிய உறுதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. மகளுக்கு எழுதிக் கொடுத்தது, 2009இல். நான் வேலை செய்த கந்தோர் அல்ல, வேறு கந்தோர்.

"எனக்கு இப்ப எழுத்துத் தெரியுதில்லை. அந்தச் சீவிய உரித்து வரி இருக்கோ எண்டு பார்."

முதலாம் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் காணியின் அட்டவணை, எல்லைகள், கிணற்றுப் பங்கு. அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. மூன்றாம் பக்கத்தின் அடியில், கையொப்பத்துக்கு இரண்டு வரி மேலே இருந்தது. விரலை வைத்து வாசித்துக் காட்டினேன்.

"பலமா வாசி," என்றா.

பலமாக வாசித்தேன். கேட்டுவிட்டு உறுதியை மடித்துப் பைக்குள் வைத்து, போனைத் திரும்ப எடுத்தா. "அந்த நடிகனுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு பாப்பம், போடு."